பிக்கப் மாற்றிய நாள்

ஜாஸ்லின் கடைசித் திருகாணியையும் கழற்றிக் கிண்ணத்தில் போட்டபோது, ஜெபஸ்டின் கிட்டாரின் கழுத்தை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான். ஊசி போடும்போது பிள்ளையைப் பிடிப்பது போலத்தான் பிடித்திருந்தான். ஆனால் பயந்து போயிருந்தது அவன்தான்.

"அக்கா, இன்னைக்கி வேணாம்க்கா. கொடியேத்தம் முடியட்டும். நாளைக்குப் பாத்துக்கிருவம்."

"விரல்ல சுர்ருன்னு இழுக்குதுன்னு வந்து அழுதவன் யாருலே?"

"நான் எங்க அழுதேன்? சொன்னேன்."

"சரி, சொன்ன. நகரு, வெளிச்சத்த மறைக்காத."

வெளியே மேற்கேயிருந்து வீசும் கச்சான் காற்று காலையிலிருந்தே மண்ணை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. திருவிழா என்பதால் படகுகள் எல்லாம் கரையில் கிடந்தன. திருவிழா இல்லாவிட்டாலும் அன்றைக்கு யாரும் கடலுக்குப் போயிருக்க முடியாது. கதவைச் சாத்தியும் அடுப்படி வரைக்கும் மணல் வந்திருந்தது. திறந்து கிடந்த கிட்டாரின் வயிற்றுக்குள் மணல் விழாமலிருக்க ஜாஸ்லின் அம்மாவின் பழைய சேலையைச் சுற்றிக் கட்டியிருந்தாள்.

அது கோயில் பாடற்குழுவின் பேஸ் கிட்டார். எப்போதும் கோயில் அலமாரியில்தான் இருக்கும். ஜெபஸ்டின் பள்ளிக்கூடம் முடித்த வருஷத்திலிருந்து அதை வாசிக்கிறான். கம்பிகளுக்குக் கீழே கறுப்பாக இரண்டு கட்டை பதித்திருக்கும். அதுதான் பிக்கப். உள்ளே காந்தமும் முடிபோல மெல்லிய செம்புக் கம்பிச் சுற்றும் இருக்கும். மேலே கம்பி அதிர்வதை வாங்கி, சத்தத்தைப் பெருக்கும் கோயில் ஆம்புக்கு அனுப்புவது அதன் வேலை. கம்பெனியிலிருந்து வந்த பிக்கப்தான் இதுவரைக்கும் இருந்தது. அதில் எப்போதும் ஓர் இரைச்சல் இருக்கும். இப்போது சில மாதமாக இரைச்சலோடு, வாசிக்கும் விரலில் எறும்பு ஊர்வது போல ஒரு கூச்சமும் சேர்ந்துகொண்டது. கோயிலுக்குள் வெறுங்காலோடு நின்று வாசிக்கும்போது அது கூடுதலாகத் தெரியும்.

பாடற்குழுவில் எல்லோரும் ஒரே முடிவாகச் சொன்னார்கள், பிக்கப் பழசாகி உள்ளே கரன்ட் கசிகிறது என்று. கம்பிக்கு நேர் கீழே இருப்பது அது ஒன்றுதான். வேறு எதைச் சொல்வார்கள்? பாம்பனில் செல்போன் பழுது பார்க்கும் கடையில் வேலை செய்கிற ஜாஸ்லினும் அதைத்தான் நினைத்தாள். கடை முகவரிக்கே இரைச்சல் வராத புது பிக்கப் ஒரு ஜோடி வரவழைத்தாள். வந்து ஒரு வாரமாக அது பீரோவின் மேல் கிடந்தது. தம்பிக்கு மனசு வரவில்லை.

"அந்த இரைச்சல் ஒனக்குப் பிடிக்காதுக்கா. எனக்கு அது வேணும். ஸ்விட்ச்சப் போட்டதும் ம்ம்ம்ன்னு வரும்ல, அப்பத்தான் வாசிக்கப் போறோம்னே தோணும்."

"ஒன்னோட வாசிப்ப விட அது நல்லாருக்கும்னு சொல்ல வாரியா?"

அவன் சிரித்தான். சிரித்தாலும் கையை எடுக்கவில்லை.

அப்பா மரியசெல்வம் வாசல்படியில் உட்கார்ந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். திருவிழா அன்று அந்த வேலையைச் செய்யக்கூடாது என்று அம்மா காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. இப்போது தலையைத் திருப்பாமலே சொன்னார்.

"கடலுக்குப் போற அன்னைக்கி எவனும் எஞ்சினப் பிரிக்க மாட்டான். ஓடுற வரைக்கும் ஓடட்டும்னு போய்ட்டு வந்துதான் கைய வைப்பான். கழட்டுனத அப்படியே மாட்டு தாயி."

"அப்பா, இது எஞ்சினு இல்ல."

"எல்லாம் ஒண்ணுதான்."

ஜெபஸ்டினுக்கு ஆள் கிடைத்த தெம்பு வந்துவிட்டது. பழைய பிக்கப்பை எடுத்து அதன் இடத்தில் வைத்து அழுத்தினான். அந்த நேரத்தில்தான் அம்மா அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்தாள். அம்மாவுக்கு இந்தப் பாட்டு விஷயத்தில் தலையும் தெரியாது வாலும் தெரியாது. ஆனால் விரலில் இழுக்கிறது என்பது மட்டும் அவள் மனசில் முள்ளாகக் கிடந்தது.

"மாத்திரு ஜாஸ்லினு. கரன்டு கசியிற சாமான எதுக்குப் பிள்ள நெஞ்சோட கட்டித் தொங்கவிடணும்? ஒங்க அப்பாவுக்கு என்ன, எஞ்சினத் தவிர ஒண்ணும் தெரியாது. நீ மாத்து."

மரியசெல்வம் ஊசியை வாயில் கவ்விக்கொண்டார். ஜெபஸ்டின் அம்மாவைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான். பிறகு பிக்கப்பை எடுத்து ஜாஸ்லினின் கையில் கொடுத்தான்.

"பழசத் தூக்கிப் போட்டுறாதக்கா."

"போட மாட்டேன். ஒன் கல்யாணத்துக்குத் தாலி செய்யும்போது கூடக் கோத்துத் தாரேன்."

ஈயம் உருகிய நெடி வீடெல்லாம் பரவியது. ஜாஸ்லினுக்குக் கை நடுங்காது. கடையில் கடுகைவிடச் சின்னச் சாமான்களை எல்லாம் ஒட்டுகிறவள். வேலை முடிந்ததும் பேட்டரியில் ஓடும் ஒரு சின்ன ஸ்பீக்கரில் கிட்டாரைச் சொருகினாள். அவனைச் செருப்பில்லாமல் தரையில் நிற்கச் சொன்னாள். வாளித் தண்ணீரைக் கொஞ்சம் காலடியில் ஊற்றினாள்.

"இப்ப வாசி."

அவன் வாசித்தான். சத்தம் சுத்தமாக வந்தது. நிறுத்தியபோது முழு அமைதியாக இருந்தது. அந்த அமைதியைக் கேட்டு அவன் முகம் கொஞ்சம் கோணியது.

"விரல்ல இழுக்குதா?"

"இல்ல."

"நல்லாப் பாத்துச் சொல்லுலே."

"ஒண்ணுமே இல்லக்கா. சத்தியமா இல்ல."

"பெறகென்ன. இனிம நிம்மதியா வாசி," என்றாள் ஜாஸ்லின். அம்மா சிலுவை போட்டுக்கொண்டு அடுப்படிக்குத் திரும்பினாள்.

சாயங்காலம் காற்று இன்னும் ஏறியது. கோயிலுக்கு முன்னால் கட்டியிருந்த சீரியல் லைட்டுகள் ஒன்றோடொன்று அடித்துக்கொண்டன. மைக்செட்காரர்கள் ஜெனரேட்டர் கொண்டுவந்து, ஈரமணலில் கம்பி அடித்து எர்த் கொடுத்து, கோயிலுக்குள் நாலைந்து புது மைக் நட்டிருந்தார்கள். வழக்கமான நாளில் பாடற்குழுவுக்கு மைக் கிடையாது, தொண்டைதான். திருவிழாவுக்கு மட்டும்தான் இந்த ஆடம்பரம்.

கொடி பாதி மரம் ஏறியபோது காற்றில் சிக்கிக் கயிற்றைச் சுற்றிக்கொண்டது. கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. ஒருவர் ஏறிச் சரிசெய்த பிறகு கொடி மேலே போனது. ஜாஸ்லின் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எல்லோரும் கோயிலுக்குள் வந்ததும் அவள் கண் பீடத்துக்குப் பக்கத்தில் நின்ற தம்பியின் மேல்தான் இருந்தது. பாடற்குழுவுக்கு ஜமுக்காளம் விரித்திருந்தார்கள். அதன்மேல் வெறுங்காலோடு நின்று, மெல்ல ஒவ்வொரு கம்பியாகத் தட்டிப் பார்த்தான். பிறகு பெண்கள் பக்கம் தேடி, அவளைக் கண்டுபிடித்து, விரல்களை விரித்துக் காட்டித் தலையை ஆட்டினான். ஒன்றுமில்லை, இழுக்கவில்லை என்று அர்த்தம்.

அவளுக்குப் பெருமையாக இருந்தது. பக்கத்தில் நின்றவளிடம், "இரைச்சலே கேக்கல பாத்தியா?" என்றுகூடக் கேட்டாள்.

முதல் பாட்டு தொடங்கியது. கீபோர்டு வாசிக்கும் சந்தியாகுதான் குழுவின் தலைவன். அவனுக்கு முன்னால் இருந்த மைக் வாசல் வழியே வந்த காற்றில் சாய்ந்து திரும்பிக்கொண்டது. இரண்டு கையும் கட்டையில் இருந்ததால் சந்தியாகு கண்ணால் சாடை காட்டினான். ஜெபஸ்டின் இடது கையைக் கம்பியில் வைத்தபடியே வலது கையை நீட்டி மைக்கைப் பிடித்தான்.

அவன் கத்தவில்லை. மைக்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு முழங்காலிட்டான். பக்தியில் மண்டியிடுகிறான் என்றே முன்வரிசையில் இருந்தவர்கள் நினைத்தார்கள். பிறகு பக்கவாட்டில் சரிந்தான். ஆம்பிலிருந்து ஒரே ஒரு கனத்த சுரம் விடாமல் வந்துகொண்டே இருந்தது. யாரோ ஒருவர் மைக் கம்பத்தைக் காலால் உதைத்துத் தள்ளினார். ஜாஸ்லின் கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய்ச் சேர்ந்தபோது அவன் கண் திறந்திருந்தது. இராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில், பாம்பன் பாலத்தைத் தாண்டும் முன்பே அவன் கை குளிர்ந்துவிட்டது. அதைப் பிடித்திருந்தது அவள்தான். அப்பாவிடம் அவள் சொல்லவில்லை.

மறுநாள் மத்தியானம் ஆஸ்பத்திரியில் உடலை அறுத்துக் கட்டிக் கொடுத்தார்கள். அதற்குள் ஊரில் தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது. போலீஸ் வந்து அந்த மைக்கையும் வயரையும் எடுத்துக்கொண்டு போயிருந்தது. மைக்செட்காரர்கள் ஜெனரேட்டரோடு கிளம்பிவிட்டார்கள். மிச்சம் இருந்தது புது பிக்கப். இத்தனை வருஷம் பழைய பிக்கப்பில் வாசித்தான், ஒன்றும் ஆகவில்லை. மாற்றிய அன்றைக்கே போய்விட்டான். இதற்குமேல் யாருக்கு என்ன விளக்கம் வேண்டும்?

சவப்பெட்டியை வீட்டு வாசலில் இறக்கியதும் அம்மா அதன்மேல் விழுந்தாள். ஜாஸ்லின் அவளைத் தூக்கப் போனாள். அம்மா அவள் கையை உதறினாள்.

"தொடாதடி. ஒங்க அப்பா வேணாம்னாருல்ல? கழட்டுனத மாட்டுன்னாருல்ல? நீதானடி மாத்துன."

மாற்று என்று கரண்டியோடு வந்து நின்றது அம்மாதான். ஜாஸ்லினுக்கு அது நினைவு இருந்தது. அம்மாவுக்கும் இருந்திருக்கும். உதறப்பட்ட கையை இழுத்துக்கொண்டு அவள் விலகி நின்றாள். கன்னத்தில் அறைந்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. மரியசெல்வம் பெட்டியின் கால்மாட்டில் நின்றுகொண்டு மகனின் கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டியிருந்த துணியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பூசைக்குக் கோயிலுக்கு எடுத்துப் போனார்கள். ஏற்றிய கொடியைத் திருவிழா முடியாமல் இறக்கக் கூடாது. அதனால் கொடி படபடத்துக்கொண்டிருந்தது. சீரியல் லைட்டுகளை மட்டும் அணைத்திருந்தார்கள். பெண்கள் அம்மாவைச் சுற்றி உட்கார்ந்தார்கள். அங்கே ஜாஸ்லினுக்கு யாரும் இடம் விடவில்லை. அவள் சுவரோரமாக, பாடற்குழுவுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள். ஜமுக்காளத்தைச் சுருட்டி மூலையில் வைத்திருந்தார்கள். தரையைக் கழுவிவிட்டிருந்தார்கள். இன்னும் காயவில்லை.

சந்தியாகு பீடத்தின் இரும்புக் கிராதியில் சாய்ந்து நின்றான். அவன் தோளில் ஜெபஸ்டினின் கிட்டார் தொங்கியது. கறுத்துத் தேய்ந்த பழைய பிக்கப் மறுபடி அதற்குள் உட்கார்ந்திருந்தது. ஒட்டத் தெரியாமல் வயர்களை முறுக்கி டேப் சுற்றியிருந்தான். ஓரத்தில் டேப் நீட்டிக்கொண்டு தெரிந்தது.

அவன் திரும்பி அவளைப் பார்த்துக் குனிந்தான். கண் வீங்கியிருந்தது.

"ஒங்க அம்மாதான் அந்தப் புதுசக் கழட்டிக் கடல்ல எறியச் சொன்னாக. பழச மாட்டிட்டேன். பெட்டியத் தூக்கும்போது அவன் வாசிக்கிற பாட்ட இதுல வாசிக்கணும்னு எல்லாரும் சொல்றாங்க. இதுல ஒண்ணும் ஆகாதுல்ல ஜாஸ்லினு? இதுலதான இத்தன வருஷம் வாசிச்சான்."

அவளுக்கும் அப்போது அப்படித்தான் தோன்றியது. இதில் ஒன்றும் ஆகாது. நான் மாற்றாமல் இருந்திருந்தால் அவன் இந்நேரம் இந்தக் கிராதியில் சாய்ந்துகொண்டு நின்றிருப்பான் என்று நினைத்தாள்.

சாமியார் பூசையை முடித்துப் பெட்டியின்மேல் தீர்த்தம் தெளித்தார். தூக்கப் போகிறவர்கள் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார்கள். சந்தியாகுவின் கையாள் ஒருவன் ஆம்பின் வயரை இழுத்துக்கொண்டு வந்து, ஜாஸ்லினின் முழங்காலுக்குப் பக்கத்தில் கிடந்த எக்ஸ்டென்ஷன் பெட்டியில் சொருகினான்.

அவள் அந்தப் பிளக்கைப் பார்த்தாள். மூன்று பின் இருக்க வேண்டிய பிளக். தடித்த பின், எர்த்துக்கான பின், அடியோடு ஒடிக்கப்பட்டிருந்தது. இரண்டு ஓட்டைப் பெட்டியில் சொருகுவதற்காக எந்தக் காலத்திலோ எவனோ ஒடித்திருக்கிறான். ஒடித்த இடம்கூடத் தேய்ந்து வழவழப்பாகியிருந்தது. ஆம்பின் தகரம் முழுக்க உப்புக்காற்றில் பொரிந்து, திருகாணியெல்லாம் துருவில் பூத்துக் கிடந்தது.

வீட்டில் அவள் சோதித்தது பேட்டரி ஸ்பீக்கரில். அதில் எப்படி இழுக்கும்? பழைய பிக்கப்பை மாட்டியிருந்தாலும் இழுத்திருக்காது. எந்தப் பிக்கப்பை மாட்டியிருந்தாலும் இழுத்திருக்காது. இந்த ஆம்பில் கசிந்த கரன்ட் கம்பி வரைக்கும் வந்தும் நேற்று ஜமுக்காளம் தடுத்திருந்தது, எர்த் கொடுத்த மைக்கைத் தொட்டதும் அவன் உடம்பு வழியாக இறங்கிவிட்டது.

ஆம்பின் சிவப்பு விளக்கு எரிந்தது. ம்ம்ம் என்று அந்த இரைச்சல் கோயில் முழுக்க நிறைந்தது. அதைக் கேட்டதும் அம்மா, "என் ராசா வந்துட்டானே" என்று பெரிதாக அலறினாள். எல்லாப் பெண்களும் சேர்ந்து அழுதார்கள். சந்தியாகு கம்பியை நோக்கிக் கையைக் கொண்டுபோனான்.

"சந்தியாகு, கைய வைக்காத!"

அவள் எழுந்து ஓடிவந்து அவன் கையைத் தட்டிவிட்டாள். கோயிலே திரும்பிப் பார்த்தது. எங்கே போனாலும் பழக்கத்தில் தோளில் மாட்டிக்கொள்ளும் கடைப் பையின் பக்கத்துப் பாக்கெட்டிலிருந்து டெஸ்டரை எடுத்தாள். அதன் தலையில் விரலை அழுத்தி, நுனியைக் கிட்டாரின் தடித்த கம்பியில் வைத்தாள்.

டெஸ்டருக்குள் விளக்கு பளிச்சென்று எரிந்தது.

சந்தியாகு அதைப் பார்த்தான். மெதுவாக, எதிலும் பட்டுவிடாமல், தோல் வாரைத் தலைக்கு மேலாகக் கழற்றிக் கிட்டாரைச் சுருட்டிய ஜமுக்காளத்தின்மேல் சாய்த்தான். ஜாஸ்லின் குனிந்து பிளக்கைப் பிடுங்கினாள். இரைச்சல் நின்றது. அழுகையும் எப்படியோ நின்றிருந்தது.

"என்னடி பண்ற பெட்டிக்கு முன்னால?" என்று அம்மா எழுந்து வந்தாள்.

"கரன்டும்மா. கம்பியில வருது. பழைய பிக்கப்புலயும் வருது. இங்க பாரு, பிளக்க ஒடச்சு வச்சிருக்காங்க. அந்த ஆம்புக்குள்ளயிருந்து வருதும்மா. பிக்கப்பு இல்ல. நான் மாத்துனது இல்லம்மா."

சொல்லும்போதே அவளுக்கு நெஞ்சில் அடைத்திருந்தது இறங்கியது. தம்பி பெட்டிக்குள் கிடக்க, தனக்கு மூச்சு லேசாவதை அவள் உணர்ந்தாள். அதற்காக வெட்கப்பட்டாள். வெட்கப்பட்டாலும் லேசாகத்தான் இருந்தது. அம்மா தன் தோளில் சாயப் போகிறாள் என்றுகூட எதிர்பார்த்தாள்.

அம்மா அவள் கையில் இருந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது என்னது?"

"டெஸ்டரு. கரன்டு வருதான்னு பாக்குறது."

"வச்ச ஒடன தெரிஞ்சிருமா?"

"ம்."

"கடைக்குப் போகும்போது எப்பவும் பையில வச்சிருப்பியா?"

ஜாஸ்லின் தலையை ஆட்டினாள். ஆட்டிய பிறகுதான் கேள்வி எங்கே போகிறது என்று புரிந்தது.

"நேத்து இருந்துச்சா?"

காற்றில் கோயில் ஜன்னல் ஒன்று படீரென்று அடித்துத் திறந்தது. யாரும் போய்ச் சாத்தவில்லை. ஜாஸ்லின் தோளில் கிடந்த பையைப் பார்த்தாள். நேற்றும் அது இதே பையில்தான் இருந்தது. அம்மா முகத்தில் கோபம் இல்லை. பதிலுக்காக அப்படியே நின்றாள்.

மரியசெல்வம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். மகளின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து டெஸ்டரை எடுத்தார். கோயிலுக்கென்று வைத்திருந்த வெள்ளைச் சட்டையின் பையில் அதைப் போட்டுக்கொண்டார். பிறகு பெட்டியின் தலைமாட்டுக்குப் போனார்.

"தூக்குங்கப்பா," என்றார்.

எல்லோரும் குனிந்தார்கள். அவர் குனியும்போது டெஸ்டர் சட்டைப் பையிலிருந்து வெளியே நழுவப் பார்த்தது. ஒரு கையால் பையை நெஞ்சோடு பொத்திக்கொண்டு, மறு கையால் அவர் பெட்டியைத் தூக்கினார்.